யோசிக்கும் நேரத்துப் பூட்டு

1

இந்தக் கதை என் தம்பியுடையது. அவன் இதைக் கதையாகச் சொல்லவில்லை, புகாராகத்தான் சொன்னான். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், சாப்பிட்ட தட்டைக்கூட எடுக்காமல் என் வீட்டு மேசையில் உட்கார்ந்துகொண்டு, "மனுஷன் யோசிக்கிற நேரத்துல பூட்டு போடக் கூடாதுக்கா. எங்க தொழில்ல அதுதான் முதல் பாடம். அந்த சாஃப்ட்வேர எழுதினவன் கையில கிடைக்கட்டும், வச்சிக்கிறேன்" என்று ஆரம்பித்தான்.

நான் எழுதிப் பிழைப்பவள். பக்கத்தில் யாராவது புலம்பினால், முதலில் ஆறுதல் சொல்ல வேண்டும் என்று தோன்றாது. இதில் நமக்கு ஏதாவது தேறுமா என்றுதான் தோன்றும். "எந்தப் பூட்டு?" என்று கேட்டேன். பாத்திரம் கழுவ அன்று சாயங்காலம் ஆகிவிட்டது.

எழுத உட்கார்ந்தபோது வந்த தொடக்கங்கள் இவை.

"பனிக்கட்டிப் பெட்டிக்குள் அந்தச் சிறுநீரகம் வந்துகொண்டிருந்தபோது, திரையில் ஒரே ஓர் எண் மட்டும் அசையாமல் நின்று" [நிறுத்திவிட்டேன். முதல் வரியிலேயே சிறுநீரகத்தைக் காட்டி உங்களை மிரட்டி உட்கார வைப்பது எனக்கே பிடிக்கவில்லை.]

"பரிவர்த்தனை எண் என்பது யாதெனில்" [யாதெனில் வந்தாலே எனக்குத் தூக்கம் வந்துவிடும்.]

"லிஸ்ட் மேடம் அன்று தன் நாற்காலியை விட்டு எழுந்தபோது, திரையில் திறந்திருந்ததை மூடவில்லை." [இது நடந்தது. ஆடம்பரமில்லாமலும் இருக்கிறது. ஆனால் லிஸ்ட் மேடம் யார், திறந்திருந்தது எது என்று சொல்லாமல் இதைத் தொடக்கமாக வைத்தால் உங்களுக்குத் தலையும் புரியாது, வாலும் புரியாது.]

ஆகையால் தொடக்கம் இல்லாமலேயே தொடங்குகிறேன்.

2

முதலில் பூட்டு. தம்பி எனக்கு இதைத் தட்டுகளையும் டம்ளர்களையும் நகர்த்தி விளக்கினான். சலிப்பாக இருந்தால் நீங்கள் மூன்றாம் எண்ணுக்குத் தாவிவிடலாம். [தாவாதீர்கள். இது தெரியாவிட்டால் பின்னால் நடப்பது புரியாது.]

தம்பியின் வேலை தரவுதளத்தின் மூலநிரலில், அதாவது டேட்டாபேஸின் சோர்ஸ் கோடில். தரவுதளத்தைப் பயன்படுத்துபவர்கள் அதன் வாசலில் நின்று கேட்டதை வாங்கிப் போகிறவர்கள் என்றால், இவன் சுவரைத் திறந்து உள்ளே குழாய்களைப் பார்ப்பவன். உறுப்பு மாற்று ஒருங்கிணைப்பு அலுவலகம் ஒன்றின் தரவுதளத்தை அவன் கம்பெனி பராமரிக்கிறது. சிறுநீரகத்துக்காகக் காத்திருக்கும் ஒவ்வொருவருக்கும் அதில் ஒரு பதிவு.

ஒரு பதிவைத் திருத்த யாராவது வந்தால், தரவுதளம் அவருக்கு ஓர் எண் கொடுக்கிறது. அதுதான் பரிவர்த்தனை எண். அவர் பழைய பதிவை அழிப்பதில்லை. பக்கத்திலேயே புதிதாக ஒரு பிரதி எழுதுகிறார். பழையதன் தலையில் தன் எண்ணைக் குத்துகிறார்: இது இன்னார் கையில் இருக்கிறது. அந்தக் குத்துதான் பூட்டு. வேறே பூட்டோ சாவியோ கிடையாது. அடுத்து அதே பதிவைக் கையிலெடுக்க வருகிற நிரல், அந்த எண்ணைப் பார்க்கிறது, அது வேலையை முடித்துவிட்டதா என்று விசாரிக்கிறது. முடிக்கவில்லை என்றால் அங்கேயே படுத்துத் தூங்குகிறது.

"நிஜமாவே தூங்குமா?"

"மூலநிரல்ல அந்த வார்த்தைதான்க்கா போட்டிருக்கும். தூங்கு. முன்னாடி இருக்கிற நம்பர் முடிஞ்சதும் எழுப்பி விடுவாங்க."

எண் முடிவதற்கு இரண்டே வழி. 'சேமி' என்றால் புதிய பிரதி செல்லுபடியாகும். 'கைவிடு' என்றால் பழையதே செல்லும். கைவிட்ட பிறகும் புதிய பிரதியை உடனே யாரும் அழிப்பதில்லை என்பதுதான் எனக்குப் பிடித்தது. அது அங்கேயே கிடக்கும், யார் கண்ணுக்கும் படாமல். எப்போதாவது துப்புரவு நிரல் வந்து கூட்டிப் பெருக்கும்போதுதான் போகும்.

(அடிக்குறிப்பாகப் போட வேண்டியது: சும்மா படித்துவிட்டுப் போகிறவர்களுக்கு இந்த எண் கிடையாது. எண்கள் நானூறு கோடிச் சொச்சம்தான். தீர்ந்துபோனால் மறுபடி முதலிலிருந்து சுற்றி வரும். அதனால் சிக்கனம். "உன் வாசகருங்களுக்கு நம்பர் இல்லக்கா" என்றான் தம்பி. உங்கள் சார்பில் நான் ஆட்சேபம் தெரிவித்தேன்.)

இப்போது அவன் புகாரும் புரிந்திருக்கும். அந்த அலுவலகத்தின் பழைய மென்பொருளில், 'திருத்து' என்று அழுத்தி ஒரு கட்டத்துக்குள் தட்டத் தொடங்கினாலே பதிவு பூட்டிக்கொள்ளும். 'சேமி' என்றோ 'கைவிடு' என்றோ சொல்லும்வரை பூட்டு விடாது. தட்டியவர் நடுவில் தும்மினாலும், டீ குடிக்கப் போனாலும், முடிவெடுக்க முடியாமல் உட்கார்ந்திருந்தாலும் பூட்டு பூட்டுதான்.

3

லிஸ்ட் மேடம் அந்த அலுவலகத்தின் ஒருங்கிணைப்பாளர். காத்திருப்போர் பட்டியல் அவர் பொறுப்பு என்பதால் நோயாளிகள் வைத்த பெயர் அது. அலுவலகம் மருத்துவமனைக் கட்டடத்தின் நாலாவது மாடி. மூன்று மேசைகள், திறக்க முடியாத ஒரு ஜன்னல், ஏசி ஒழுகும் இடத்தில் ஒரு வாளி. டயாலிசிஸ் வார்டு இரண்டு மாடி கீழே. வார்டில் இருப்பவர்கள் லிஃப்டில் அவரைப் பார்த்தால் முகத்தையே உற்றுப் பார்ப்பார்கள். அதனால் அவர் முகத்தில் எதையும் காட்டாமல் இருக்கப் பழகியிருந்தார். வீட்டில் கணவர் இதைப் பற்றிக் குறைப்பட்டுக்கொள்வாராம். "உனக்குச் சாம்பல் கலர் புடவை புடிச்சிருக்கா இல்லையான்னு இருபது வருஷமா கண்டுபிடிக்க முடியல" என்பாராம்.

அன்று காலை, டயாலிசிஸுக்குப் போகிற வழியில், பேருந்து ஓட்டுநர் ஒருவர் நாலாவது மாடிக்கு வந்தார்.

"மேடம், என் பேர எடுத்துடுங்க."

"எங்கேருந்து?"

"லிஸ்ட்டுலேருந்து."

"ஏன்?"

"வேணாம்னு தோணுது. அவ்ளோதான்."

அவ்வளவுதான் இல்லை என்பது மேடத்துக்குத் தெரியும். ஓட்டுநரின் தம்பியும் அதே பட்டியலில் இருந்தார், எலக்ட்ரீஷியன். அப்பா வழியாக இருவருக்கும் வந்த வியாதி. சிறுநீரகத்தில் கட்டி கட்டியாக நீர் கோத்துக்கொள்ளும். இருவருக்கும் ஒரே ரத்த வகை. அண்ணன் முதலில் பதிந்தவர், தம்பி பிறகு. தான் இறங்கிக்கொண்டால் தம்பி ஓர் இடம் முன்னேறுவான் என்று ஓட்டுநர் கணக்குப் போட்டிருந்தார்.

அந்தக் கணக்கு தப்பு. ஒவ்வொரு சிறுநீரகம் வரும்போதும் பட்டியல் புதிதாகக் கலைந்து அடுக்கப்படும். ரத்தம், திசுப் பொருத்தம், வயது, எத்தனை வருஷ டயாலிசிஸ் என்று பல விஷயங்கள். அண்ணன் இறங்கினால் தம்பிதான் ஏறுவார் என்று ஒன்றுமில்லை. ஆனால் ஒரு நோயாளியின் நிலையை இன்னொரு நோயாளியிடம் சொல்ல மேடத்துக்கு அனுமதி இல்லை, கூடப் பிறந்தவராகவே இருந்தாலும்.

விலகிக்கொள்வது நோயாளியின் உரிமை. கேட்டால் பதிய வேண்டும். "சரி, நீங்க கீழ போய் உக்காருங்க, பதிஞ்சிடுறேன்" என்று அனுப்பிவிட்டு, மேடம் அவர் பதிவைத் திறந்தார். 'காத்திருக்கிறார்' என்ற இடத்தை 'விலகிவிட்டார்' என்று மாற்றினார். காரணம் என்ற கட்டத்தில் 'நோயாளியின் சொந்த விருப்பம்' என்று தட்டினார். அதற்குப் பக்கத்தில் 'தம்பிக்காக' என்றும் தட்டினார். பிறகு 'சேமி' என்ற பொத்தானையே பார்த்துக்கொண்டிருந்தார்.

எழுந்தார். கைப்பேசி மேசையிலேயே இருந்தது. படியிறங்கி வார்டுக்குப் போனார்.

மறந்துபோய் அப்படியே விட்டாரா, வேண்டுமென்றே விட்டாரா? இது எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. கதை எழுதுகிறவளுக்கு இது தெரிந்தாக வேண்டும். என் தம்பியை நச்சரித்து மேடத்திடமே கேட்க வைத்தேன். "ரெண்டும் இல்ல. கை வரல" என்றாராம்.

4

ஓட்டுநரைப் பற்றி ஒரு வார்த்தை. அவர் ஓட்டுநரே இல்லை. உண்மையில் அவர் என்ன வேலை செய்தார் என்று தெரியும், ஆனால் சொல்லக் கூடாது என்பது என் தம்பியோடு ஒப்பந்தம். அதனால் நானாக ஒரு வேலை தேடினேன். முதல் வரைவில் அவரைத் தலைமையாசிரியர் ஆக்கினேன். வாயைத் திறந்தாலே சொற்பொழிவு. "விட்டுக்கொடுத்தல் என்பது வாழ்வின்" என்று ஆரம்பித்தவரை அங்கேயே நிறுத்தி வீட்டுக்கு அனுப்பினேன். பிறகு தையற்காரர், அவர் பேசவே மாட்டேன் என்றார். ஸ்டியரிங்கைக் கொடுத்த பிறகுதான் மனிதர் பேச ஆரம்பித்தார்.

எலக்ட்ரீஷியன் நிஜமாகவே எலக்ட்ரீஷியன். "என் வேலைய எழுதினா எழுதிக்கட்டும், எனக்கென்ன பயம்" என்றாராம்.

5

முற்பகலில், வேறோர் ஊர் மருத்துவமனையில் மூளைச்சாவு அடைந்த ஒருவரின் குடும்பம் சம்மதம் சொன்னது. ஒரு சிறுநீரகம் பனிக்கட்டிப் பெட்டியில் ஏறியது. பெட்டிக்குள் அது சில மணி நேரம்தான் தாங்கும். நேரம் கூடக் கூடத் தரம் குறையும். நாலாவது மாடியில், பொருத்தம் பார்க்கும் டாக்டர் தன் நிரலை ஓடவிட்டார். பொருந்துகிறவர்கள் அத்தனை பேர் பதிவுகளையும் அந்த நிரல் கையிலெடுக்க வேண்டும், அப்போதுதான் அடுக்க முடியும். எடுத்துக்கொண்டே வந்து ஓரிடத்தில் நின்றுவிட்டது. திரையில் சக்கரம் சுற்றிக்கொண்டே இருந்தது.

டாக்டர் என் தம்பியைக் கூப்பிட்டார். அவன் அறை அதே மாடியில், லிஃப்டுக்குப் பக்கத்தில். உள்ளே பார்த்தான். நிரல் ஓர் எண்ணுக்குப் பின்னால் தூங்கிக்கொண்டிருந்தது. அந்த எண் காலையில் லிஸ்ட் மேடத்தின் கணினியிலிருந்து தொடங்கியது; எதையோ எழுதிவிட்டு, அதன்பின் ஒன்றுமே செய்யாமல் கிடந்தது.

தம்பியின் மேலதிகாரிக்குப் பெயர் சுருக்கு. எதையும் இரண்டு சொல்லுக்கு மேல் சொல்லாதவர். தம்பி போனில் விஷயத்தைச் சொன்னான்.

"கொன்னுடு" என்றார் சுருக்கு. தொழிலில் அதுதான் சொல். எண்ணைக் கொன்றால் அது கைவிட்டதாகக் கணக்கு, பூட்டு விட்டுப்போகும், தூங்குகிறவர்கள் எழுந்துகொள்வார்கள்.

"கொன்னா என்ன போகும்னு பார்த்துட்டுச் சொல்றேன் சார்."

"நேரம் போகும்."

தம்பி பார்த்தான். வாசல் வழியாகக் கேட்டால் தரவுதளம் பழையதைத்தான் காட்டும்: காத்திருக்கிறார். ஆனால் இவனுக்குப் பின்பக்கச் சுவர் தெரியும். ஹார்ட் டிஸ்கில் கிடக்கும் பக்கத்தை அப்படியே பெயர்த்தெடுத்து, எழுத்தெழுத்தாகப் படித்தான். அடுத்தடுத்து இரண்டு பிரதிகள். பழையதன் தலையில் அந்த எண் குத்தியிருந்தது. புதியதில்: விலகிவிட்டார். நோயாளியின் சொந்த விருப்பம். தம்பிக்காக.

"அத நான் படிச்சிருக்கக் கூடாதுக்கா" என்றான், தட்டில் காய்ந்த சோற்றுப் பருக்கையை நகத்தால் சுரண்டியபடி.

"ஏன்? உன் வேலைதானே?"

"எந்தப் பதிவு பூட்டியிருக்குன்னு பாக்கிறது என் வேலை. உள்ள என்ன எழுதியிருக்குன்னு படிக்கிறது இல்ல. அதுவும் சேமிக்காதது. சேமிக்காதது இன்னும் அவங்க மனசுக்குள்ள இருக்கிற மாதிரிதான்."

[இந்த இடத்தில் நான் அடித்துப் போட்ட வரிகளை நீங்கள் படித்துக்கொண்டிருப்பதைப் பற்றி ஒரு பத்தி எழுதினேன். அடித்துவிட்டேன்.]

இப்போது அவன் நிலைமையைப் பாருங்கள். எண்ணைக் கொன்றால் பதிவு 'காத்திருக்கிறார்' என்று திரும்பும். நிரல் எழுந்து அடுக்கும். அந்த மனிதர் முதலில் வந்தால் அவரைக் கூப்பிடுவார்கள். காலையில் அவர் வேண்டாம் என்று சொன்னது எங்கேயும் இருக்காது.

"கூப்பிடும்போது அவரே வேணாம்னு சொல்லிட்டுப் போறாரு. உனக்கென்னடா?" என்றேன்.

"அப்படித்தான் நானும் நினைச்சேன். ஆனா அந்தம்மா முடிவெடுக்காம நிக்கிறாங்க. நான் ஒரு தட்டு தட்டினா அவங்க எடுக்க வேண்டிய முடிவ நான் எடுத்த மாதிரி ஆயிடும்ல? உள்ள என்ன இருக்குன்னு தெரியாம இருந்திருந்தா கொன்னிருப்பேன்கா. படிச்சுத் தொலைச்சிட்டேனே."

மேடத்தின் கைப்பேசிக்கு அடித்தான். எதிர் அறையில் அது மேசையில் கிடந்து உறுமியது. மேடம் வார்டுக்கு இறங்கிப் போனதாக டாக்டர் சொன்னார். தம்பி சுருக்குக்குச் சொன்னான். வார்டுக்குப் போய் ஆளைக் கூட்டிவர அனுமதி கேட்டான்.

"டீ டைம்" என்றார் சுருக்கு. ஒரு டீ குடிக்கிற நேரம் என்று அர்த்தம். "அப்புறம் நான்." அதாவது, அதற்குள் வராவிட்டால் அவரே கொன்றுவிடுவார்.

6

வார்டில் நாற்காலிகள் வரிசையாகச் சாய்ந்திருந்தன. ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஓர் இயந்திரம். குழாய் வழியே ரத்தம் வெளியே போய் உள்ளே வந்துகொண்டிருந்தது. ஓட்டுநர் ஜன்னலோர நாற்காலியில், இடது கையை நீட்டிக்கொண்டு படுத்திருந்தார். பக்கத்தில் இரும்பு ஸ்டூலில் லிஸ்ட் மேடம். இருவரும் நன்றாகச் சண்டை போட்டு ஓய்ந்தவர்கள்போல் இருந்தார்கள்.

"மேடம்" என்றான் தம்பி. "ஒரு பதிவத் திறந்து வச்சிட்டு வந்துட்டீங்க. அதுக்குப் பின்னாடி ஒரு வேலை நிக்குது."

பகலில், அவசரமாக, ஆள் அனுப்பிக் கூப்பிடும் அளவுக்கு அந்த அலுவலகத்தில் நிற்கக்கூடிய வேலை ஒன்றுதான். மேடத்துக்கு உடனே புரிந்தது. முகம் அசையவில்லை.

ஓட்டுநர் தலையைத் திருப்பினார். "என்ன சார், வந்துடுச்சா?"

"எது?" என்றான் தம்பி.

"டிரைவர்கிட்டயேவா சார்? பின்னாடி ஹாரன் அடிச்சா, திரும்பிப் பாக்காமலே என்ன வண்டின்னு சொல்லுவேன் நான்."

"யாரும் ஹாரன் அடிக்கல" என்றார் மேடம். "நான் கேட்டதுக்குப் பதில் சொல்லுங்கண்ணே. உங்க தம்பிக்குத் தெரியுமா, தெரியாதா?"

"தெரிஞ்சா விடுவானா?"

"அப்ப அவருக்காகப் பண்றீங்க, அவரக் கேக்காம."

"அவனுக்கு ரெண்டும் சின்னப் பசங்க மேடம். என் பொண்ணு வேலைக்குப் போயிட்டா. நான் எறங்கிட்டா அவன் ஒரு சீட்டு முன்னாடி வருவான்ல?"

"இது பஸ் இல்லண்ணே. நீங்க எறங்கினா அந்த சீட்டுல யார் உக்காருவாங்கன்னு எனக்கே தெரியாது."

"கண்டக்டருக்கே தெரியாதா?"

"தெரியாது."

"தெரிஞ்சாலும் சொல்ல மாட்டீங்க."

"சொல்ல மாட்டேன்."

ஓட்டுநர் சிரித்துவிட்டார். மேடம் சிரிக்கவில்லை. "உங்க உரிமை. சேமிச்சிடுங்கன்னு சொன்னா இப்பவே போய்ச் சேமிக்கிறேன், மறு பேச்சு கிடையாது. ஆனா அதுக்கு முன்னாடி அவருக்கு ஒரு போன் போடுங்க. உங்ககிட்ட நான் கேக்கிறது அது ஒண்ணுதான்."

ஓட்டுநருக்கு ஒரு கைதான் சும்மா இருந்தது. மேடமே கைப்பேசியை வாங்கி, எண்ணைத் தேடிப் போட்டு, ஒலிபெருக்கியை அழுத்தி, அவர் மார்புமேல் வைத்தார். மறுமுனையில் துளையிடும் இயந்திரத்தின் இரைச்சல்.

"என்னண்ணே, முடிஞ்சுதா?"

"இல்லடா. நான் லிஸ்ட்டுலேருந்து பேர எடுக்கச் சொல்லிட்டேன்."

இரைச்சல் நின்றது. "யார் பேர?"

"என் பேரத்தான். உனக்கு சீக்கிரம் வரட்டுமேன்னு."

பிறகு எலக்ட்ரீஷியன் வாயிலிருந்து வந்தவற்றை என் தம்பி என்னிடம் சொல்ல மறுத்துவிட்டான். "அக்கா கிட்ட சொல்ற வார்த்தை இல்ல" என்றான். சொன்னது இதை மட்டும்:

"ஏண்ணே, நீ விட்டுக்கொடுத்தத உள்ள வச்சுக்கிட்டு நான் எப்படிண்ணே மூத்திரம் போறது? ஒவ்வொரு தடவையும் உன் மூஞ்சி வந்து முன்னாடி நிக்குமே. நிம்மதியா ஒரு தடவ போக விடுவியா நீ?"

வார்டே சிரித்தது. நர்ஸ் திரும்பி நின்றுகொண்டு சிரித்தார். பக்கத்து நாற்காலிக்காரர் இயந்திரம் சத்தம் போடும் அளவுக்குக் குலுங்கினார். பிறகு சிரிப்பு தானாக அடங்கிப்போனது. அங்கே படுத்திருந்தவர்களில் பலர் அந்தக் காரியத்தைச் செய்து வருஷங்கள் ஆகியிருந்தன.

"சரிடா, சரிடா" என்றார் ஓட்டுநர். "ஏணி மேல நிக்கிறியா? எறங்கிப் பேசு."

"நான் எறங்க மாட்டேன். நீ எறங்காம இரு, அது போதும்." இணைப்பு அறுந்தது.

ஓட்டுநர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். மேடம் காத்திருந்தார். தம்பிக்குச் சுருக்கின் டீ நினைவுக்கு வந்தது, இந்நேரம் டம்ளரின் அடி தெரியும் என்று. ஆனாலும் வாயைத் திறக்கவில்லை.

"சரி மேடம்" என்றார் ஓட்டுநர் அந்தப் பக்கம் பார்த்தபடியே. "எடுத்துடுங்க."

"எத? பேரையா, சொன்னதையா?"

"சொன்னத."

மேடம் லிஃப்டுக்கு நிற்கவில்லை. தம்பி பின்னாலேயே படியேறினான். அவர் தன் நாற்காலியில் உட்கார்ந்து, திரையில் தான் தட்டியதை ஒருமுறை படித்துவிட்டு, 'கைவிடு' என்பதை அழுத்தினார். எதிர் மேசையில் டாக்டரின் சக்கரம் நின்று எழுத்துகள் வரத் தொடங்கின.

மேடம் திரும்பிப் பார்க்காமல் கேட்டார். "உள்ள எழுதியிருந்தத நீங்க படிச்சீங்களா?"

"படிச்சேன் மேடம்."

"எல்லாமேவா?"

"எல்லாமே."

"அந்தக் கடைசி வார்த்தைய மறந்துடுங்க. விதிப்படி அத நான் எழுதக் கூடாது."

"எந்த வார்த்தை மேடம்?"

"நல்லது" என்றார் லிஸ்ட் மேடம்.

7

இதுவரை எழுதியதைத் தம்பியிடம் காட்டினேன். ஒரு பென்சிலோடு உட்கார்ந்தான். மூலநிரலில் அடுத்தவர் செய்த திருத்தத்தைச் சரிபார்ப்பதும் அவன் வேலைதான். அந்தப் புத்தி என் தாளிலும் வந்து நின்றது.

"என்னய ஓட விட்டிருக்க. நான் நடந்துதான் போனேன்." [மாற்றிவிட்டேன்.]

"அந்தம்மா அழல." [எடுத்துவிட்டேன். வலித்தது, நல்ல பத்தி அது.]

"கடைசி வார்த்தை 'தம்பிக்காக' இல்ல."

"தெரியும். நீ சொல்ல மாட்டேன்னுட்ட. நானா ஒண்ணு போட்டேன்."

"அப்படின்னு எழுதிடு." [எழுதிவிட்டேன்.]

"சுருக்கு சார வில்லன் மாதிரி காட்டாத. அவரு சொன்னதுல என்ன தப்பு? பெட்டிக்குள்ள நேரம் ஓடுது. நான் அவர்கிட்டப் போய், சேமிக்காதத படிச்சிட்டேன் சார்னு நானே சொன்னேன். எழுதிக் குடுன்னாரு. குடுத்தேன். படிச்சிட்டு, இனி வேணாம்னாரு. அவ்ளோதான். என் வேலை போயிருக்கலாம்க்கா."

அந்தப் பழைய மென்பொருளை மாற்றியும்விட்டார்கள். இப்போது எத்தனை நேரம் யோசித்தாலும் பதிவு பூட்டாது. 'சேமி' என்று அழுத்துகிற அந்த நொடி மட்டும்தான் பூட்டு. மாற்றியது என் தம்பிதான். பல வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்த வேலை.

"அன்னைக்கே அப்படி இருந்திருந்தா?" என்று கேட்டேன்.

பென்சிலைக் காதில் சொருகிக்கொண்டு யோசித்தான். "எதுவும் நின்னிருக்காது. நான் கீழ போயிருக்க மாட்டேன். அந்தம்மா அவர்கிட்டப் பேசிட்டே இருக்கும்போது மேல எல்லாம் முடிஞ்சிருக்கும்."

"அப்ப அந்தப் பூட்டு நல்லதுதானே பண்ணியிருக்கு?"

"இந்தத் தடவ. அடுத்த தடவ பூட்டு போட்டுட்டு டீ குடிக்கப் போனவரால ஒருத்தருக்குக் கிடைக்காம போகும். கதையை வச்சு சாஃப்ட்வேர் எழுத முடியாதுக்கா."

சாஃப்ட்வேரை வைத்துக் கதை எழுதலாமா என்று கேட்டேன். எழுந்து தட்டைக் கழுவப் போய்விட்டான்.

8

முடிவு.

நிரல் எழுந்தது, அடுக்கியது, அதற்கும் ஓர் எண் கிடைத்தது, அந்த எண் சேமித்து முடிந்தது. அன்று அந்தச் சிறுநீரகம் யாரோ ஒருவருக்குள் போய்ச் சேர்ந்துவிட்டது. இவ்வளவும் தம்பிக்குத் தெரியும். யார் என்று தெரியாது.

"ஒரு தட்டு தட்டினா தெரிஞ்சிடும்ல?"

"தெரிஞ்சிடும்."

"அப்புறம் என்ன?"

"அதான் தட்டல."

நானாக எழுதிப் பார்த்தேன். முதல் முடிவில் ஓட்டுநருக்குக் கிடைக்கிறது. எலக்ட்ரீஷியன் ஆஸ்பத்திரிக்கு வந்து, அண்ணனின் கட்டிலோரத்தில் நின்று, "போயிட்டு வந்தியா?" என்று கேட்கிறார். "போனேன்டா" என்று ஓட்டுநர் [இதற்கு மேல் எழுத முடியவில்லை. இருவரும் அழத் தயாராக நின்றார்கள்.]

இரண்டாவது முடிவில் எலக்ட்ரீஷியனுக்கே கிடைக்கிறது. அண்ணன் விட்டுக்கொடுக்காமலே. இந்தக் கதையை வாய்மொழியாகக் கேட்ட அத்தனை பேரும் இதைத்தான் கேட்டார்கள். என் கணவர், என் பதிப்பாளர், பக்கத்து வீட்டு அக்கா. "அப்படியே வையேன், என்ன குறைஞ்சிடும்?" என்றார் பதிப்பாளர். வைக்கலாம். யாருக்கும் நஷ்டமில்லை. அதுதான் எனக்கு இடித்தது.

நஷ்டமில்லையா? அன்று அந்த நிரல் கையில் எடுத்த பதிவுகள் இரண்டு மட்டும் இல்லை. ஓட்டுநரின் நாற்காலியைச் சுற்றி நாம் அத்தனை பேரும் நின்று பேசிக்கொண்டும் சிரித்துக்கொண்டும் இருந்த நேரத்தில், வேறு வேறு வீடுகளில் வேறு வேறு ஆட்கள், தங்கள் பெயர் ஓர் எண்ணுக்குப் பின்னால் நிற்பது தெரியாமல் இருந்தார்கள். அவர்களில் ஒருவருக்குத்தான் அது போயிருக்கும் என்பதற்கே சாத்தியம் அதிகம். இத்தனை பக்கம் எழுதியும் அவரைப் பற்றி ஒரு வரிகூட நான் எழுதவில்லை. தம்பி சொல்லாததாலா? இல்லை, அவருடைய அண்ணன் யாரும் நாலாவது மாடிக்கு ஏறி வராததால், எனக்கு அவர்மேல் ஆர்வம் வரவில்லை.

அவரைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. ஆணா பெண்ணா, என்ன வயது, டயாலிசிஸ் நாளா, சும்மா இருக்கும் நாளா? துணி உலர்த்திக்கொண்டிருக்கலாம். கடையில் சில்லறைக்காக நின்றுகொண்டிருக்கலாம். உடம்பு முடியாமல் சுருண்டு படுத்திருக்கலாம். தொலைபேசி அடிக்கிறது. லிஸ்ட் மேடம் அலுவலகத் தொலைபேசியிலிருந்து பேசுவார். அந்த எண்ணை இவர் சேமித்து வைத்திருக்கவில்லை. தெரியாத எண் என்றால் இப்போதெல்லாம் பலரும் எடுப்பதில்லை. ஏதாவது கடன் வேண்டுமா என்று கேட்பார்கள் என்று விட்டுவிடுகிறார்கள். மூன்று முறை அடிப்பார்கள். எடுக்கவில்லை என்றால் அடுத்தவர்.

இரண்டு முறை அடித்து ஓய்ந்துவிட்டது. நான் இங்கேயே நிறுத்திக்கொள்கிறேன். மூன்றாவது தடவை அவரை எடுக்க வையுங்கள்.